ஃபோல்டரைக் கடைசியில் தொடுங்கள்: பெரிய பைத்தான் புரோஜெக்ட்டைச் சின்ன பேக்கேஜ்களாகப் பிரிக்கும் வழி

ஒரு பெரிய புரோஜெக்ட்டைப் பிரிக்கலாம் என்று முடிவானதுமே எல்லோருக்கும் கை பரபரக்கும். புதிதாக நாலு ஃபோல்டர் போட்டு, ஃபைல்களை அள்ளி உள்ளே வைத்து, இம்போர்ட்களை (ஒரு ஃபைல் இன்னொன்றிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் வரிகளை) திருத்தி, டெஸ்ட் ஓடிவிட்டால் மெர்ஜ் செய்துவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் முன்பு எது எதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததோ, அது இப்போதும் அப்படியே தொங்கும். முகவரி மட்டும் நீண்டிருக்கும். ஃபைலை நகர்த்துவது இந்த வேலையில் கடைசியாக வரவேண்டியது. அதனால் அதற்கு முன்னால் செய்யவேண்டியவற்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களுக்கான ஒரு மென்பொருளில். ஜாங்கோ என்ற பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கில் எழுதியது. பையரிடமிருந்து (ஆடை வாங்கும் நிறுவனத்திடமிருந்து) ஆர்டர் வந்ததில் தொடங்கி நூல் கொள்முதல், நிட்டிங், டையிங், கட்டிங், ஜாப் ஒர்க்குக்கு (வெளி யூனிட்டில் கூலிக்குச் செய்யும் வேலைக்கு) டிசி, அதாவது டெலிவரி சலான், போட்டு அனுப்புவது, பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் வரை எல்லாம் ஒரே புரோஜெக்ட். ஆரம்பத்தில் அது சரியான முடிவுதான். மூன்று பேர் எழுதும் நிரலுக்கு ஏழு பேக்கேஜ் எதற்கு? பிறகு ஆட்கள் சேர்ந்தார்கள், மாட்யூல்கள் சேர்ந்தன, சில்லறை ஃபங்ஷன்களைப் போட்டுவைக்கும் யூட்டில்ஸ் ஃபைல் நாலாயிரம் வரியைத் தாண்டியது. டையிங் கணக்கில் கை வைத்தால் இன்வாய்ஸ் டெஸ்ட் உடைய ஆரம்பித்தது. அந்தக் கட்டத்தில்தான் பிரித்தோம். நான் சொல்லும் கருவிகள் பைத்தானுக்கானவை. மற்ற மொழிக்காரர்களுக்குக் கருவியின் பெயர் மாறும், வேலையின் வரிசை மாறாது.

முதலில் கிட் வரலாற்றைக் கேளுங்கள்

எதையெல்லாம் தனியாகப் பிரிக்கலாம் என்று ஒயிட்போர்டு முன்னால் நின்று விவாதிப்பதற்கு முன், கடந்த ஒரு வருட கமிட்களை (நிரல் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் கருவியில் உள்ள பதிவுகளை) எடுத்துப் பாருங்கள். கிட் லாக் கட்டளைக்கு ஃபைல் பெயர்களை மட்டும் காட்டச் சொல்லும் ஆப்ஷன் உண்டு. ஒவ்வொரு கமிட்டிலும் எந்த இரண்டு ஃபைல்கள் சேர்ந்து மாறியிருக்கின்றன என்று எண்ணுவதற்கு இருபது வரி ஸ்கிரிப்ட் போதும். மொத்தமாக ஃபார்மேட்டிங் செய்த கமிட்களைக் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லாமே எல்லாவற்றோடும் உறவு என்று வரும்.

கட்டிங், பேக்கிங் இரண்டும் தனித்தனி பேக்கேஜ் என்றுதான் எங்கள் போர்டில் இருந்தது. வரலாறு வேறு சொன்னது. சைஸ் வாரியாக எண்ணிக்கையைப் பிரிக்கும் விதி மாறியபோதெல்லாம் இரண்டும் சேர்ந்தே மாறியிருந்தன. அப்படிப்பட்ட இரண்டைப் பிரித்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு பேக்கேஜைத் திறக்கவேண்டும், பிரித்ததால் ஒரு பயனும் இல்லை. ஒன்றாகவே வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று. டெஸ்ட் ஓட நேரமாகிறது, சர்வரில் ஏற்ற நேரமாகிறது என்பதற்காக மட்டும் பிரிக்க வராதீர்கள். அவற்றுக்கு இதைவிடச் சின்ன வைத்தியங்கள் இருக்கின்றன.

எது எதைப் பிடித்திருக்கிறது

பைடெப்ஸ் போன்ற கருவிகள் இம்போர்ட் உறவுகளைப் படமாக வரைந்து தரும். சின்ன புரோஜெக்ட்டுக்கு நல்லது. பெரியதில் வருவது ஒரு தட்டு இடியாப்பம். அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. எனக்கு உதவியது படமில்லை, ஒரு அட்டவணை. கிரிம்ப் என்ற லைப்ரரி இம்போர்ட் வலையை அப்படியே பைத்தான் பொருளாகக் கையில் தரும். அதை வைத்து, நீங்கள் மனதில் வைத்திருக்கும் பகுதிகளுக்கு இடையே எந்தத் திசையில் எத்தனை இம்போர்ட் போகிறது என்று எண்ணுங்கள். இன்வாய்ஸிலிருந்து ஆர்டருக்கு அறுபது, ஆர்டரிலிருந்து இன்வாய்ஸுக்கு நாலு என்று வந்தால், பெரும்பாலும் அந்த நாலுதான் தவறான திசை. உங்கள் வேலைப் பட்டியல் அங்கேயே கிடைத்துவிட்டது.

ஃபங்ஷனுக்குள் எழுதப்பட்ட இம்போர்ட்களைத் தனியாகத் தேடிப் பாருங்கள். ஃபைலின் மேலே வைத்தால் வட்டச் சார்பு எரர் (இரண்டு ஃபைல்கள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்வதால் வருவது) வருகிறது என்று யாரோ எப்போதோ அதை உள்ளே தள்ளி வைத்திருப்பார்கள். அப்படி ஒவ்வொன்றும் மறைத்து வைத்த ஒரு வட்டம்.

கருவிக்குத் தெரியாத சார்புகளும் உண்டு, நேரத்தை அதிகம் தின்பவை அவைதான். ஜாங்கோவில் ஃபாரின் கீயை (ஒரு டேபிள் இன்னொன்றைச் சுட்டுவதை) வெறும் சரமாக, அதாவது பெயரை மேற்கோளுக்குள் வைத்து, எழுதலாம். அதில் இம்போர்ட்டே இருக்காது, ஆனால் சார்பு இருக்கும். அதைவிடக் கள்ளத்தனமானது தலைகீழ் உறவு. ஆர்டர் டெம்ப்ளேட்டில் ஒருவர் "ஆர்டர் டாட் இன்வாய்ஸ் செட்" என்று எழுதி அந்த ஆர்டரின் இன்வாய்ஸ்களை வரிசையாகக் காட்டியிருப்பார். இம்போர்ட் கணக்கில் ஆர்டருக்கு இன்வாய்ஸைத் தெரியவே தெரியாது, ஆனால் இன்வாய்ஸை எடுத்துவிட்டால் ஆர்டர் ஸ்கிரீன் காலியாகும். அப்புறம் ரிப்போர்ட்களுக்காக எழுதிய நேரடி எஸ்கியூஎல். ஐந்து பகுதிகளின் டேபிள்களை ஒரே கொயரியில் ஜாயின் செய்திருக்கும். டேபிள் பெயர்களை வைத்து முழு புரோஜெக்ட்டையும் ஒருமுறை கிரெப் கட்டளையால் தேடிவிட்டால் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும்.

எல்லையை எங்கே போடுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வேலை நடக்கும் வரிசையில் பிரிப்பது. ஆர்டர், பிறகு நிட்டிங், பிறகு டையிங். இதற்கு எதிராக 1972லேயே டேவிட் பார்னாஸ் ஒரு கட்டுரையில் வாதாடியிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், வரிகளைச் சொல் சொல்லாகச் சுழற்றி அகரவரிசைப்படுத்தும் ஒரு சின்ன புரோகிராம். அதை முதலில் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டுகிறார்: உள்ளீடு, சுழற்சி, வரிசையாக்கம், அச்சு. அந்த முறையில், தகவலைச் சேமிக்கும் விதத்தை மாற்றினால் கிட்டத்தட்ட எல்லா மாட்யூலையும் தொடவேண்டியிருக்கிறது. இரண்டாவது முறையில், பின்னால் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்துவைக்கிறார். மாற்றம் அந்த ஓரிடத்தோடு நின்றுவிடுகிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் இதைவிட நல்ல அளவுகோலை நான் பார்க்கவில்லை.

எங்களுக்கு இதற்குச் சரியான உதாரணம் ஜிஎஸ்டி. ஒரு உருப்படியின் விலை 1000 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்றுதான் ஆயத்த ஆடைகளுக்கு இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரம்பு 2500 ரூபாய் ஆனது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 சதவீதம். பழைய அமைப்பில் அந்த 1000 என்ற எண், உள்நாட்டு இன்வாய்ஸ், டெபிட் நோட், கொட்டேஷன் என்று வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்திருந்தது. ஜிஎஸ்டி தனி பேக்கேஜ் ஆனபிறகு அதனிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஹெச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீடு), இந்த விலை, இந்தத் தேதி, விகிதம் என்ன? தேதியை விட்டுவிடாதீர்கள். போன வருட இன்வாய்ஸை இன்று மறுபடி அச்சிட்டாலும் அன்றைய விகிதம்தான் வரவேண்டும். வரம்பு, விகிதம், அமலான தேதி மூன்றும் அந்த பேக்கேஜுக்கு வெளியே யாருக்கும் தெரியக்கூடாது.

இதே கண்ணோடு மற்றவற்றையும் பாருங்கள். பேக்கிங் லிஸ்ட் வடிவம் பையருக்குப் பையர் மாறும், அது ஒரு எல்லை. ஜாப் ஒர்க் ரேட் பேசும் விதம் யூனிட்டுக்கு யூனிட் மாறும், அது இன்னொன்று.

யார் எந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதும் முக்கியம். ஒரு அமைப்பு உருவாக்கும் மென்பொருள், அந்த அமைப்புக்குள் ஆட்கள் பேசிக்கொள்ளும் விதத்தின் வடிவத்தையே எடுக்கும் என்று 1968இல் மெல்வின் கான்வே எழுதினார். இரண்டு டீம்கள் பாதிப் பாதியாக ஒரு பேக்கேஜை வைத்துக்கொண்டால், எந்தக் கருவியாலும் அதன் எல்லையைக் காப்பாற்ற முடியாது.

யூட்டில்ஸ் ஃபைலை என்ன செய்வது? அதை மொத்தமாகத் தூக்கி "காமன்" என்று பெயர் வைக்காதீர்கள். அந்தப் பெயருக்குள் எதை வேண்டுமானாலும் போடலாம், போடுவார்கள். ஒவ்வொரு ஃபங்ஷனாக எடுத்து, அதை யார் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். ஒரே பகுதி மட்டும் கூப்பிட்டால் அது அங்கே போகட்டும். பல பகுதிகள் கூப்பிட்டு, ஆனால் வியாபார விதி ஏதாவது உள்ளே இருந்தால், அந்த விதிக்குச் சொந்தக்காரரிடம் போகட்டும். வியாபாரமே தெரியாதது மட்டும் அடித்தள பேக்கேஜுக்கு. எங்கள் நாலாயிரம் வரியில் அப்படி மிஞ்சியது ரொம்பக் கொஞ்சம்: ரூபாயை லட்சம், கோடி என்று எழுத்தில் எழுதுவது, தேதியிலிருந்து நிதியாண்டைக் கண்டுபிடிப்பது, பைசா ரவுண்டிங், இன்னும் சில. யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்களும் நிறைய வரும். அவற்றை அழிக்கத் தயங்காதீர்கள், கிட்டில் இருக்கிறது.

வட்டங்களை உடைப்பது

இரண்டு பகுதிகள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்கின்றன. எந்த அம்பை வெட்டுவது? நான் கேட்கும் கேள்வி: எது இல்லாமல் எது இருக்க முடியும்? இன்வாய்ஸ் இல்லாத ஆர்டர் உண்டு. எங்கள் தொழிலில் ஆர்டர் இல்லாத இன்வாய்ஸ் கிடையாது. ஆகவே இன்வாய்ஸ் ஆர்டரைத் தெரிந்துவைத்திருக்கலாம். ஆர்டர் இன்வாய்ஸைத் தெரிந்துவைத்திருக்கக்கூடாது.

சரி, ஆர்டரை மூடும்போது எல்லாம் ஷிப்மென்ட் ஆகிவிட்டதா என்று பார்க்கவேண்டுமே? ஆர்டர் மாட்யூலுக்குள் இருந்த அந்த ஃபங்ஷன்தான் இன்வாய்ஸை இம்போர்ட் செய்துகொண்டிருந்தது. உண்மையில் "ஆர்டரை மூடு" என்பது ஆர்டர், இன்வாய்ஸ் இரண்டையும் பார்த்து எடுக்கும் முடிவு. இரண்டுக்கும் மேலே இருக்கும் ஒரு பேக்கேஜில்தான் அதற்கு இடம். அங்கே தூக்கி வைத்ததும் அம்பு மறைந்தது. பாதிக்கு மேற்பட்ட வட்டங்கள் இப்படியே தீரும்: ஃபங்ஷன் தவறான மாடியில் குடியிருக்கும், மேலே அனுப்பினால் போதும்.

தீராதவற்றுக்கு, தேவையான மதிப்பை வெளியிலிருந்து கொடுத்துவிடுங்கள். ஃபங்ஷன் தானே போய் ஷிப்மென்ட் எண்ணிக்கையைத் தேடாமல், அது ஆர்கியுமென்ட்டாக உள்ளே வரட்டும். டெஸ்ட் எழுதுவதும் சுலபமாகும்.

ஜாங்கோ சிக்னல் (ஒன்று நடந்ததும் அறிவித்து, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்களை ஓடவைக்கும் வசதி) வழியாக வட்டத்தை உடைப்பதும் உண்டு. நான் அதைக் கடைசிக்குத்தான் வைப்பேன். இம்போர்ட் வலையில் அம்பு காணாமல் போகும், ஆனால் இரவு பத்து மணிக்கு ஸ்டாக் ஏன் குறைந்தது என்று தேடுபவருக்கு அந்த ஃபங்ஷனை யார் கூப்பிட்டார்கள் என்பதும் சேர்ந்தே காணாமல் போயிருக்கும். எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் இரண்டும் ஒரே பேக்கேஜ்தான் என்று ஒப்புக்கொண்டு போய்விடலாம், அதில் ஒரு கேவலமும் இல்லை.

நகர்த்துவதற்கு முன் காவல்

இம்போர்ட் லின்டர் என்ற கருவியில் உங்கள் அடுக்குகளை மேலிருந்து கீழாக எழுதிவைக்கலாம். கீழ் அடுக்கு மேல் அடுக்கை இம்போர்ட் செய்தால் பில்ட் நிற்கும். இன்றைக்கே இருக்கும் மீறல்களை விதிவிலக்குப் பட்டியலில் போட்டுவிடுங்கள். நோக்கம் எளிது: பழையது இருக்கட்டும், புதிதாக ஒன்றுகூட நுழையக்கூடாது. ஒரு மீறலைச் சரிசெய்துவிட்டுப் பட்டியலில் அதன் வரியை அழிக்க மறந்தால், இயல்பாகவே இந்தக் கருவி அதையும் எரராகக் காட்டும். அதனால் பட்டியல் பழசாகிக் கிடக்க வழியில்லை. ரூபி பக்கம் ஷாப்பிஃபை வெளியிட்ட பேக்வெர்க்கும் இதே வழியில்தான் போகிறது. பழைய மீறல்களை ஒரு ஃபைலில் குறித்துவைத்துக்கொண்டு புதியவற்றைத் தடுக்கிறது.

இந்தக் கட்டத்தில் நிதானமாக இருங்கள். வழக்கமான வேலைக்கு நடுவே பட்டியலில் ஒவ்வொரு வரியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு ஃபைல்கூட இடம் மாறியிருக்காது. ஆனால் பிரிப்பு வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும். நடுவில் மேலதிகாரி வேறு அவசர வேலை கொடுத்தாலும் நஷ்டமில்லை. பாதி நகர்த்திய ஃபோல்டர்களோடு நிற்பதுதான் மோசமான நிலை.

நகர்த்துவது

கிட், ஃபைல் பெயர் மாறியதைத் தனியாகக் குறித்துவைப்பதில்லை. ஒரு ஃபைல் அழிந்து, அதைப்போலவே இன்னொன்று தோன்றினால் இரண்டும் ஒன்று என்று ஊகிக்கிறது. இயல்பான அளவு 50 சதவீத ஒற்றுமை. இங்கேதான் ஒரு பொறி. பழைய இம்போர்ட்கள் உடையாமலிருக்கப் பழைய இடத்தில் ஒரு சின்ன இடைஃபைல் வைப்போம். புதிய இடத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்து அது மறுபடி கொடுக்கும். நகர்த்தலையும் இடைஃபைலையும் ஒரே கமிட்டில் செய்தால் பழைய பெயரில் ஃபைல் இன்னும் இருக்கிறது. எனவே அழிந்ததாகவே கிட்டுக்குத் தெரியாது, பெயர் மாற்றமாகவும் அது எண்ணாது. யார் எந்த வரியை எப்போது எழுதினார்கள் என்பதைப் பார்ப்பதே பெரும்பாடாகிவிடும். அதனால் வெறும் நகர்த்தல் ஒரு கமிட், இடைஃபைல் அடுத்த கமிட். மெர்ஜ் செய்யும்போது ஸ்குவாஷ் பட்டனை அழுத்தாதீர்கள், இரண்டும் மறுபடி ஒன்றாகிவிடும்.

இடைஃபைல் பழைய உத்தி. 2015இல் ஐபைத்தான் (பைத்தானை ஊடாடி ஓட்டும் ஷெல்) 4.0 வெளியானபோது நோட்புக், என்பிகன்வெர்ட், டிரெய்ட்லெட்ஸ் என்று பல பகுதிகள் தனி பேக்கேஜ்களாகப் பிரிந்து, ஜூபிட்டர் திட்டம் அதிலிருந்து தனியே வந்தது. அவர்களும் பழைய இம்போர்ட் பாதைகளில் இப்படி வைத்து, யாராவது தொட்டால் எச்சரிக்கை காட்டும்படி செய்திருந்தார்கள்.

ஸ்டார் இம்போர்ட்டால் எழுதிய இடைஃபைலில் இரண்டு குறை. அண்டர்ஸ்கோரில் தொடங்கும் பெயர்கள் வராது. டெஸ்டில் பழைய பாதையை மாக் செய்திருந்தால் (நிஜத்துக்குப் பதில் போலியை வைத்திருந்தால்), மாறுவது இடைஃபைலில் இருக்கும் பெயர் மட்டும்தான். நிஜ ஃபங்ஷன் உள்ளே ஓடிக்கொண்டேயிருக்கும். ஈமெயிலை மாக் செய்த டெஸ்டாக இருந்தால் பையருக்கே மெயில் போகலாம். புதிய மாட்யூலையே, பைத்தான் ஏற்றிய மாட்யூல்களைக் குறித்துவைக்கும் சிஸ் மாட்யூல்ஸ் அட்டவணையில் பழைய பெயரிலும் பதிந்துவிட்டால் இரண்டு குறையும் தீரும்.

ஜாங்கோவும் செலரியும் (பின்னணி வேலைகளை க்யூவில் வைத்து ஓட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் நகர்த்துவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். மாடலை ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் டேபிள் பெயரும் மாறும். பழைய டேபிள் பெயரை மாடலின் மெட்டாவில் வெளிப்படையாக எழுதி, மைக்ரேஷனில் (டேபிள் மாற்றங்களை எழுதிவைக்கும் ஃபைலில்) டேட்டாபேஸைத் தொடாமல் நிலையை மட்டும் மாற்றுங்கள், அதற்கென்றே ஒரு ஆபரேஷன் இருக்கிறது. அப்லோட் பாதை ஃபங்ஷன், வேலிடேட்டர் போன்றவற்றைப் பழைய மைக்ரேஷன்கள் முழுப் பாதையோடு குறித்துவைத்திருக்கும், அவை உடையும். செலரி டாஸ்கின் பெயர் மாட்யூல் பாதையிலிருந்துதான் வருகிறது. நகர்த்தியபிறகு க்யூவில் பழைய பெயரில் காத்திருக்கும் டாஸ்க்கைப் புதிய வொர்க்கர் தெரியாது என்று ஒதுக்கிவிடும். ஆகவே முன்கூட்டியே ஒவ்வொரு டாஸ்க்குக்கும் பழைய பெயரையே நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். கேஷில் பிக்கிள் செய்து (பைட்டுகளாக மாற்றி) வைத்த பொருள்களும் கிளாஸின் பாதையைச் சுமந்துகொண்டிருக்கும். புது சர்வர் எழுதியதைப் பழைய சர்வரால் படிக்க முடியாது. ஏற்றும் அன்று கேஷ் கீயின் முன்னொட்டை மாற்றிவிடுவது சுலபம்.

தனி பேக்கேஜ், ஆனால் ஒரே ரெப்போ

ரெப்போ, அதாவது கிட் கிடங்கு, ஒன்றுதான். ஒவ்வொரு பகுதிக்கும் சொந்தமாக ஒரு பைபுரோஜெக்ட் டாமல் ஃபைல் (பேக்கேஜின் விவரங்களை எழுதும் இடம்), எஸ்ஆர்சி ஃபோல்டர், டெஸ்ட் ஃபோல்டர். ஒன்றுக்கொன்று எதைச் சார்ந்தது என்பதை அந்த ஃபைலில் எழுதிவிடுங்கள். யூவி என்ற பேக்கேஜ் நிர்வாகக் கருவியின் ஒர்க்ஸ்பேஸ் வசதி இதை ஒரே லாக் ஃபைலோடு (சார்புகளின் வெர்ஷன்களைப் பூட்டிவைக்கும் ஃபைலோடு) சமாளிக்கிறது. முக்கியமான சோதனை: காலியான விர்ச்சுவல் என்விரான்மென்டில் அந்த ஒரு பேக்கேஜையும் அது அறிவித்த சார்புகளையும் மட்டும் நிறுவி, அதன் டெஸ்ட்டை ஓட்டுங்கள். எல்லாம் நிறுவிய இடத்தில் ஓடினால் எல்லாமே பாஸ் ஆகும், ஒன்றும் தெரியாது.

தனித்தனி ரெப்போவாக மாற்ற யாராவது ஆசைப்பட்டால் தள்ளிப்போடுங்கள். ஒரு மாற்றத்துக்கு மூன்று ரெப்போவில் மூன்று ரிவ்யூ, மூன்று வெர்ஷன் எண் என்று ஆகிவிடும். வெளியாட்கள் தனியாக நிறுவிப் பயன்படுத்தும் பேக்கேஜாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ரொம்பப் பொடியாக உடைப்பதற்கும் விலை உண்டு. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த எத்தனையோ புரோஜெக்ட்களின் பில்ட் நின்றுபோனது. நாங்கள் ஏழோடு நிறுத்திக்கொண்டோம். ரிப்போர்ட் பகுதி இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதன் வேலையே எல்லோருடைய டேபிளையும் படிப்பதுதான் என்பதால் அதை எல்லாவற்றுக்கும் மேல் அடுக்கில் வைத்து, அதை யாரும் இம்போர்ட் செய்யக்கூடாது என்று லின்டரில் எழுதியதோடு விட்டுவிட்டோம்.

கடைசியாக, இடைஃபைல்களை எப்போது அழிப்பது? ஒவ்வொன்றிலும் ஒரு லாக் (பதிவேடு) வரி போடுங்கள். யார், எந்த ஃபைலிலிருந்து இம்போர்ட் செய்கிறார்கள் என்று பதிவாகட்டும். ஒரு மாதம் லாக் சும்மா இருக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். கணக்கு முடிக்கும் ஸ்கிரிப்ட்கள் வருடத்தில் ஒருமுறை, மார்ச் கடைசியில்தான் ஓடும். அவற்றில் சில ரெப்போவிலேயே இருக்காது, கணக்குப் பிரிவில் யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில் இருக்கும். ஏப்ரல் பிறந்து, புது நிதியாண்டின் முதல் இன்வாய்ஸ் எண் சரியாக விழுந்தபிறகு அழியுங்கள்.